ஷெர்லின் மேடமும் கடைசிப் பெயர்ப் பெட்டியும்

"எதுக்குட்டி துட்டு குடுக்க? சும்மா கெடக்கு, எடுத்துக்கோ."

இதைச் சொல்லும்போது ஷெர்லின் எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கண் திரையில் இருக்கும், இடது கை டீ கிளாஸில் இருக்கும், வலது கை தேட ஆரம்பித்திருக்கும். ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க டாலரில் பணம் கேட்கிறான் என்று அழாத குறையாக வந்த மாணவி, ஈரக் குடையை மடக்கி மூலையில் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் கட்டுரை வந்துவிடும். எழுதினவரே தம் பல்கலைக்கழகத் தளத்தில் ஒரு பிரதியை எல்லாருக்கும் இலவசமாகப் போட்டுவைத்திருப்பார். "கடையில பூட்டுப் போட்டிருந்தா, செஞ்சவன் வீட்டுல போயிக் கேக்கணும். அவன் குடுக்கத்தான் காத்துக்கிட்டு இருக்கான்" என்பார் ஷெர்லின்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் உள்ள ஒரு கல்லூரியில் அவர் நூலகர். இலத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சும்மா மேடம்'. அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யாராவது திருட்டுத் தளத்தில் இருந்து எதையாவது இறக்கிக்கொண்டு வந்து நின்றால் மூக்குக் கண்ணாடி மேலே ஏறிவிடும். "சும்மா கெடக்கது வேற, களவாண்டது வேற. ரெண்டையும் ஒண்ணாக்காத" என்று அவர் சொல்லும் குரலில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கொஞ்சம் இருக்கும்.

சாரல் காலம் வந்துவிட்டால் அவர் பாடு பெரும்பாடு. குற்றாலத்துக்கு வருகிற கூட்டமெல்லாம் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு செல்போனை எடுத்துப் படம் அனுப்ப, இங்கே நூலகத்தில் இணையம் முக்கிமுனகிக்கொண்டு நிற்கும். அதனால் அந்த மாதங்களில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். ஊர் எழுந்து பல் விளக்குவதற்குள் அன்றைக்குக் கேட்டிருந்த கட்டுரைகள், பழைய நூல்களின் மின்பிரதிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் இறக்கி, ஆளாளுக்கு ஒரு கோப்புறையில் போட்டு வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். கணினி அறையில் ஈரம் ஏறாமல் இருக்கப் பழைய குண்டு பல்பு ஒன்று பகலிலும் எரியும். ஆடிட்டிங்குக்கு வந்தவர் அதை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டதற்கு, "ஒங்களுக்கு ஜலதோசம் புடிச்சா மாத்திரை இருக்கு சார், இதுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

கல்லூரிக்குள் மட்டும்தான் என்றில்லை. கடையநல்லூரில் இருந்து மசூது என்ற பள்ளி ஆசிரியர் வருவார். வானத்துக் கோள்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், தொலைநோக்கி வாங்க வழியில்லை என்றார் ஒருநாள். ஷெர்லின் அவருடைய மடிக்கணினியில் வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொடுத்தார். மறுவாரமே புரொஜெக்டர் வழியாக வகுப்புச் சுவரில் சனிக்கோளின் வளையத்தைப் பார்த்த பிள்ளைகள் மணியடித்தும் எழுந்திருக்கவில்லையாம். கணக்கு வாத்தியார்களுக்கு ஜியோஜீப்ரா, பழைய தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்குத் தமிழ் மின்னூலகம், மேற்கோள்களைக் கட்டி மேய்க்க ஸோட்டேரோ. வந்தவர் யாரும் வெறுங்கையோடு திரும்பினதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. இருந்தால் என்ன தப்பு என்றுதான் கேட்கிறேன்.

ஆண்டுதோறும் ஆய்வு மாணவர்களுக்கு அவர் ஒரு பயிற்சி நடத்துவார். கட்டுரையை எப்படி எழுதுவது, எந்த இதழுக்கு அனுப்புவது, பணம் பறிக்கும் போலி இதழை எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் உண்டு. ஒரு இடத்தில் மட்டும் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். இதழ்களின் தளத்தில் முதல் பெயர் ஒரு பெட்டி, கடைசிப் பெயர் ஒரு பெட்டி கேட்கும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. ஒற்றை எழுத்தைப் போட்டால் பெட்டி சிவந்துபோய்த் திருப்பிவிடும். ஷெர்லின் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: "இனிஷியல விரிச்சுப் போடு. அப்பா பேரப் போட்டா வாங்கிக்கிடும்." வாங்கிக்கொண்டது. கட்டுரைகள் போயின, அச்சாயின, கைதட்டினார்கள், மிக்சர் தின்றார்கள்.

அந்தப் பயிற்சியில் உட்கார்ந்து படித்தவள்தான் உமாராணி. வாசுதேவநல்லூர்ப் பக்கம் எலுமிச்சைத் தோட்டக்காரர் இசக்கிப்பாண்டியின் மகள். அருவிகளுக்கு மேலே காட்டோடைகளில் திரியும் தட்டான்பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். முட்டளவு தண்ணீரில் நின்று, அட்டை கடித்த காலோடு நூலகத்துக்கு வந்து, எடுத்த படங்களை இலவசத் தளத்தில் ஏற்றுவாள். எங்கோ இருக்கும் அறிஞர்கள் இது இன்ன இனம் என்று பார்த்து உறுதிசெய்வார்கள். தட்டான் பிடிக்கவா இவ்வளவு படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தபோது இசக்கிப்பாண்டி மகளுக்காக ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை, ஒரு வார்த்தை ஆமோதித்ததும் இல்லை. கேட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

கட்டுரைகள் வெளிவந்த பிறகு ஆளே மாறிப்போனார். காரணம், பிரேசில் நாட்டில் இருந்து ஓர் ஆராய்ச்சியாளர் அனுப்பிய கடிதம். 'மதிப்புக்குரிய முனைவர் இசக்கிப்பாண்டி அவர்களுக்கு' என்று அது தொடங்கியது. தங்கள் தட்டான் ஆய்வை வியந்து படித்தேன் என்று போயிற்று. உமாராணி சிரித்துக்கொண்டே அதை அப்பாவின் போனுக்கு அனுப்பிவைத்தாள். அவர் எலுமிச்சைக் கமிஷன் கடையில் எல்லோருக்கும் காட்டினார். அதுவரை கேலி பேசின மச்சினனைத் தேடிப்போய்க் காட்டினார். "ஏலே, எம் பேரு கப்பலேறிப் போயிருக்கு பாத்துக்கோ" என்று அவர் சொன்னதாக வாசுதேவநல்லூரில் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

உமாராணி முனைவர் பட்டம் வாங்கினாள். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தாள். அங்கேதான் வந்தது வினை. விண்ணப்பங்களைச் சரிபார்த்த குழுவினர் மின்னஞ்சல் அனுப்பினார்கள்: உங்கள் சான்றிதழில் இ. உமாராணி என்று இருக்கிறது, நீங்கள் காட்டும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இசக்கிப்பாண்டி என்பவர் பெயரில் இருக்கின்றன, அடுத்தவர் ஆய்வைத் தன்னுடையதாகக் காட்டியிருப்பதாகத் தெரிகிறது, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும்.

அடுத்தவர் ஆய்வு என்ற சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போனை ஷெர்லினின் மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஷெர்லின் படித்தார். பிறகு நூலகத்தில் இருந்து எழுதி அனுப்பிய பிள்ளைகளின் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வெளிநாட்டுக்காரனுக்குக் கடைசிப் பெயர்தான் ஆளின் பெயர். மேற்கோள் காட்டும்போது அதைத்தான் முழுதாகப் போடுவான். இந்தக் கல்லூரியில் இருந்து உலகத்தில் பெயரெடுத்திருந்ததெல்லாம் அப்பாமார்தான்! புளியங்குடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் வேதியியலில் மேதையாகியிருந்தார். ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் பூஞ்சைகளைப் பற்றி எழுதியிருந்தார். பாடுபட்ட பிள்ளைகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

"இத சொல்லிக் குடுத்தது நாந்தான் உமா. தப்பு எம்மேல. ஒன் பேர நாந்தான் தொலச்சேன், நாந்தான் எடுத்துத் தரணும்" என்றார் ஷெர்லின்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஆர்கிட் என்று ஒரு தளம் இருக்கிறது. ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர எண் கொடுக்கும், காசு கிடையாது. அங்கே கடைசிப் பெயர் போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. உமாராணி என்று தலைப்பில் போட்டு, எந்தெந்தப் பெயரில் எல்லாம் அவள் அச்சாகியிருக்கிறாளோ அதையெல்லாம் கீழே சேர்த்து, கட்டுரை கட்டுரையாக அவள் எண்ணோடு இணைத்தார்கள். இதழ் ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் ஷெர்லின் கடிதம் எழுதினார். இந்த ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை ஐயா, தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுவோம், எழுதியது மகள்தான் என்று விளக்கினார். ஒருவர் அன்றைக்கே பதில் போட்டு, தம் இதழின் பெட்டியையே மாற்றச் சொல்கிறேன் என்றார். அதைப் படித்தபோது ஷெர்லினுக்கு நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன்.

குழு இன்னொன்றும் கேட்டது. அந்த இசக்கிப்பாண்டியே உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டுமாம். ஆக, எலுமிச்சைத் தோட்டக்காரர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு தென்காசிக்கு வந்தார். நோட்டரி அலுவலகத்துக்குப் போகும்முன் நூலகத்தில் உட்கார வைத்து ஷெர்லின் அதைப் படித்துக் காட்டினார். நான் விவசாயி, தட்டான்பூச்சிகளைப் பற்றி நான் எந்த ஆய்வும் செய்ததில்லை, எந்தக் கட்டுரையும் எழுதியதில்லை, என் பெயரில் வந்திருப்பவை யாவும் என் மகள் உமாராணி எழுதியவை.

படித்து முடித்துத் தாளை மேஜையில் வைத்தார் ஷெர்லின். ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்த மனுசனிடம், அது நீ இல்லை என்று கையெழுத்து கேட்பது லேசான காரியமா?

"இனிமே எம் பேரு வராதோ, டீச்சர்?" என்று கேட்டார் இசக்கிப்பாண்டி.

"வராது, அண்ணாச்சி. இனிஷியலா மட்டும் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். மகள் டீ குடிக்கக் கூப்பிட்டும் நிற்காமல் வாசுதேவநல்லூர் பஸ் ஏறிப் போய்விட்டார். பத்திரம் போயிற்று, வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே போயிற்று. ஆனால் ஷெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்குப் பெயரை வாங்கிக்கொடுக்கப் போய், தகப்பனின் ஒரே பெருமையைப் பிடுங்கிவிட்டோமோ என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

குழு விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. நேர்காணல் நடந்தது. உமாராணிக்கு வேலை கிடைத்தது. வேலையில் சேரப் போகிற வழியில், பெட்டியும் பையுமாக அப்பாவும் மகளும் நூலகத்துக்கு வந்தார்கள். மகளின் ஆர்கிட் பக்கத்தைத் தான் ஒருதடவை பார்க்க வேண்டும் என்றாராம் இசக்கிப்பாண்டி. எதற்குப் பார்க்க, இன்னும் மனசு ஆறவில்லையோ என்று ஷெர்லினுக்குப் பயம்தான். கணினிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். உமாராணி வழக்கம்போலத் தகப்பனுக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

பக்கம் திறந்தது. மேலே ஆங்கிலத்தில் பெரிதாக உமாராணி. கீழே வரிசையாகக் கட்டுரைகள். அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், எழுத்து எழுத்தாகக் கூட்டி மகளின் பெயரைப் படித்தார். ஒவ்வொரு கட்டுரையாகக் கீழே போகச் சொன்னார். ஷெர்லின் நகர்த்திக்கொண்டே போனார். கடைசிவரை பார்த்தார்.

"அவ்வளவும் இவ செஞ்சதா, டீச்சர்?"

"அவ்வளவும் இவதான், அண்ணாச்சி."

"நான் ஒண்ணு ரெண்டுன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை அந்தத் துண்டால் தட்டித் துடைத்து, மகள் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.