வெயிலில் காய்ந்த பேட்டரியும் என் கிடாரும்

இன்று காலை பாரிஸிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க கிடார் வாசிச்சு என்னைத் தூங்க வைப்பீங்களே, அந்தப் பாட்டு கிடைச்சிடுச்சு. கேளுங்க."

கேட்டேன். ஒரே குதிரை ஓட்டம். கல்யாணத்தில் ஆடுகிற பாட்டாம்.

எண்பதுகளில், பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மச்சான் கொடுத்த கேசட் அது. தலத்தெரு வீட்டில் டேப்ரிக்கார்டர் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவோம். பாட்டு இழுத்து இழுத்து வரும். அதுதான் அந்தப் பிரெஞ்சு நாட்டுப்புறப் பாடகரின் பாணி என்று நினைத்துவிட்டேன். கட்டைவிரல் எந்தக் கம்பிக்குப் போகிறது, மற்ற விரல்கள் எங்கே பின்னுகின்றன என்று அந்த நிதானத்தில்தான் பிடித்தேன். சுருதியும் இறங்கியிருந்ததால் ஆறு கம்பிகளையும் தளர்த்தி வைத்தேன். புது பேட்டரி வாங்குவதற்குள் நாடா சிக்கி அறுந்துவிட்டது.

இன்று அசலோடு சேர்ந்து வாசிக்கலாமென்று கம்பிகளை முறுக்கினேன். விரல்களுக்கு மூச்சு வாங்கியது.

அடுப்படியிலிருந்து மனைவி வந்தாள். "யாருங்க இந்த ஆளு? பஸ்ஸப் புடிக்கப் போறவரு மாதிரி பாடுறாரு. நம்ம பாட்டக் கெடுத்து வச்சிருக்காரு."

"அவருதாம்மா அந்தப் பாட்டப் போட்டவரு," என்றாள் மகள் போனில். "ஆனா அப்பா, நீங்களே வாசிங்க. அவரு பாடுனதும் தூங்கிட்டிருந்த உங்க பேத்தி எழுந்து உக்காந்துட்டா."

கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருக்கிறேன்.

பிரான்ஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் யாராவது அந்தப் பாடகரைப் பார்த்தால், கொஞ்சம் நிதானமாகப் பாடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டம்மா சொன்னதாகவே சொல்லலாம்.