ஏழாம் அறை

உள்ளே வந்ததும் உட்காரமாட்டாள். இந்த வீட்டுக்கு எத்தனை வாசல், பின்கதவு திறக்குமா, ஜன்னல் கம்பி வெட்டினால் வருமா என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பாள். அதையும் சுவருக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொள்வாள். என் வீட்டுக்கு முப்பது வருஷமாக வருகிறாள். என் வீட்டு வாசல் இன்றைக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பாள்.

என் சின்ன நாத்தனாரின் மூத்த மகள் இவள். அப்பா ரயில் பாதையில் கொடி காட்டியவர். மகள் அதே ரயில்வேயில், பெரிய நிலையத்தில், வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் சொல்கிறவள். ஊழியர்கள் எல்லாருக்கும் 'மைக் அக்கா'. முகம் யாருக்கும் தெரியாது, குரல் ஊருக்கே தெரியும். அவள் வீட்டுக்காரர் சொல்வார்: "வண்டி லேட்டுன்னா ஊருக்கெல்லாம் வருத்தம் தெரிவிக்கிறா. சமையல் லேட்டுன்னா எனக்கு ஒரு நாளும் தெரிவிச்சதில்ல."

வண்டி நேரம் தவிர இன்னொன்றையும் அவள் படிக்கவேண்டும். எச்சரிக்கை. அந்தத் தாள்களை எல்லாம் கிழிக்காமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். உலகம் எப்படிப் பயந்து வந்திருக்கிறது என்பதை அந்த டப்பாவைத் திறந்தால் தெரிந்துகொள்ளலாம்.

அடியில் கிடப்பது பழுப்பேறிய தாள். கேட்பாரற்றுக் கிடக்கும் பை, ரேடியோ, பொம்மை எதையும் தொடாதீர்கள் என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் நிலைய அதிகாரியின் அறைக்குப் போன் வருமாம். இன்ன இயக்கம், இன்ன கோரிக்கை, இத்தனை மணிக்கு வெடிக்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்களாம். பாதி பொய்யாக இருக்கும். சொல்லாமல் வெடித்ததும் உண்டு. "குண்டு வச்சவன், தான் தப்பிச்சு ஓடணும்னு நெனச்சான் அத்தை. அவன் ஓடுற நேரத்துல நாமளும் ஓடலாம்" என்பாள், ஏதோ நல்ல காலத்தைப் பற்றிப் பேசுவதுபோல.

அதற்கு மேலே உள்ள தாளில் பையைக் காணோம், ஆள் வந்துவிட்டான். வெயிலில் கனத்த கோட்டுப் போட்டவர், காரணமில்லாமல் வியர்த்தவர் யாரையாவது கண்டால் சொல்லுங்கள். தானும் சாகத் துணிந்து வருகிறவனுக்கு ஓட வேண்டியதில்லை, போன் பண்ண வேண்டியதும் இல்லை. பிறகு ஒரு வருஷம், எங்கோ ஒரு ஊரில் கூட்டத்துக்குள் லாரியை விட்டார்கள் என்று, இங்கே நிலைய வாசலில் இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட் தொட்டிகளை இறக்கினார்கள். செடி நட்டார்கள். ஜனங்கள் அழகுக்கு வைத்ததாக நினைத்து அவற்றின் ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசித் தாளில் மூன்றே கட்டளை: ஓடுங்கள், ஒளியுங்கள், பிறகு சொல்லுங்கள்.

அந்தத் தாளைக் கொடுத்த நாளில் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து வகுப்பு எடுத்தாராம். இப்போது கட்சியும் வேண்டாம், தலைவனும் வேண்டாம். ஒருத்தன், ஒரு அறை, ஒரு போன், சமையல்கட்டுக் கத்தி, அவ்வளவு போதும் என்றாராம். உலகம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் உச்சத்தில் இருந்ததைவிடச் சாவு குறைந்திருக்கிறது, அதுவும் பெரும்பாலும் சண்டை நடக்கும் ஏழை நாடுகளில்தான் என்றும் சொன்னாராம். இவள் கை தூக்கினாள். "குறைஞ்சிருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் சார் எனக்குப் பயம் கூடிக்கிட்டே போகுது?" அவர் தண்ணீர் குடித்தாராம்.

இந்தத் தாள்களில் எழுதாத வாக்கியம் ஒன்று உண்டு. ஆபத்து நிஜமாகவே வந்துவிட்டால் அதை அவள் சொல்லவேண்டும்: "பராமரிப்பு மேற்பார்வையாளர் உடனே ஏழாம் அறைக்கு வரவும்." அந்த நிலையத்தில் ஏழாம் அறையே கிடையாது. ஊழியர்கள் மட்டும் புரிந்துகொண்டு, ஜனங்களைக் கலவரப்படுத்தாமல் வெளியே திருப்புவார்கள். இப்போது வாக்கியத்தை மாற்றிவிட்டார்களாம். அதனால்தான் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், பட்டப்பகலில், அதைச் சொல்லும்படி ஆயிற்று. மேம்பாலப் படிக்கட்டில் ஒருவன் கத்தியோடு நிற்கிறான் என்று சேதி வந்தது. அந்தப் படிக்கட்டுக்கு அடியில், நான்காம் நடைமேடையில், அவளுடைய ஒரே மகள் மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகும் ரயிலுக்குக் காத்திருந்தாள். மைக் அறையின் கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிகிறது. குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

மைக் அக்கா வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. வண்டி தாமதத்துக்கு வருந்துகிற அதே குரல்.

பதினோரு நிமிஷத்தில் பிடித்துவிட்டார்கள். யாருக்கும் கீறல்கூட இல்லை. எந்த இயக்கத்திலும் இல்லாதவனாம். இரண்டு தெரு தள்ளி அக்கா வீட்டில் இருந்தவனாம். காலையில் அக்காவுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தானாம்.

நடந்தது மகளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. நேரே வந்து கேட்டாள்.

"நான் நாலாம் நம்பர்ல இருந்தது தெரியுமாம்மா?"

"தெரியும்."

"பாத்தியா?"

"பாத்துக்கிட்டேதான் சொன்னேன்."

உன் பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால் அத்தனை ஜனமும் ஒரே வாசலுக்கு ஓடியிருக்கும், குழந்தை காலடியில் போயிருக்கும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறாள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். இரண்டு மாதம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மைக் அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள் என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் வந்து சொன்னார். அவர் வாயில் கேலியே வரவில்லை.

போன வாரம் என் வீட்டில் வைத்து இருவரையும் உட்காரவைத்தேன். மகளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. திங்கள் முதல் தினமும் குழந்தையோடு அந்த நிலையம் வழியாகத்தான் காப்பகத்துக்குப் போகவேண்டும். அவள் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டாள்.

"அடுத்த தடவையும் பாத்துக்கிட்டேதான் சொல்லுவியாம்மா?"

"சொல்லுவேன்."

மகள் எழப்போனாள். இவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். வேலை போய்விடக்கூடிய பேச்சு என்பதால் பக்கத்தில் இருந்த என் காதுக்கே எட்டியும் எட்டாத அளவுக்குக் குரலை இறக்கினாள்.

"சொல்றதுக்கு முன்னால மைக்குல ஒண்ணு செய்வேன். அது காதுல விழுந்தா என்னன்னு பாக்காத. யார்கிட்டயும் சொல்லாத. ஓடாத. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய நடந்துடு."

பிறகு உள்ளங்கையை வாய்க்குக் குறுக்கே வைத்து, தூசி பட்டவளைப் போல, இரண்டு முறை இருமிக் காட்டினாள்.