திவேஹி மிஸ்ஸின் நீச்சல் கண்ணாடி

தென்காசியில் எங்கள் வீட்டு முன்னறையில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நீச்சல் கண்ணாடி தொங்குகிறது. கண்ணோடு மூக்கையும் சேர்த்து மூடுகிற வகை. கறுப்பு ரப்பர்; ஒரு பக்கப் பட்டை எப்போதோ அறுந்து, நீல நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருக்கிறது. கடலே இல்லாத ஊரில் இது எதற்கென்று வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட ஒருநாள் அண்ணாந்து பார்த்து, "என்னக்கா, வீட்டுல வெல்டிங் வேலை நடக்கா?" என்றார். "அது ஒரு மிஸ் வச்சிட்டுப் போனதுய்யா. அடுத்த சீசனுக்கு வருவாவ" என்றாள் அம்மா. வரமாட்டார் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். எனக்கு எதிலும் அவசரம். பி.எட். முடித்த கையோடு, உள்ளூர்ப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், வரைபடத்தில் விரல் வைத்தால் விரலுக்கடியில் காணாமல் போய்விடுகிற ஓர் ஊருக்குக் கையெழுத்துப் போட்டேன். போய் இறங்கிய அன்றைக்கே காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று நடந்தேன். முதல் வாரத்திலேயே தீவு தீர்ந்துவிட்டது. வெள்ளை மணல் தெரு, தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் பிடிக்கும் தொட்டிகள், படகுத்துறையில் கயிற்றுவலை நாற்காலிகளில் சாய்ந்து கிடக்கும் மனிதர்கள், எங்கே போனாலும் சூரை மீன் வேகும் வாசனை. இனி என்ன செய்வது என்று ஆசிரியர் அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது. "வெள்ளிக்கிழமை என்ன வேலை உனக்கு?"

அவர்தான் திவேஹி மிஸ். தீவின் மொழியான திவேஹியை நடத்துகிறவர் என்பதால் எல்லோருக்கும் அந்தப் பெயர்தான். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, படகோட்டுகிற தம்பியோடு இருந்தார். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளி தொழுகை முடிந்ததும் தம்பியின் படகில் ஏதாவது ஒரு மணல்திட்டுக்குப் போவோம். ஒரு மரம்கூட இல்லாத, கடல் நடுவே தட்டில் கொட்டிய உப்பு மாதிரியான திட்டு. மாசிக் கருவாடும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு அங்கே சாப்பிடுவோம். திரும்பும் வழியில் தீவை ஒட்டிய பவளப்பாறையில் இறங்குவோம். ஒருமுறை நாங்கள் படகில் இருந்தபோது அம்மாவின் வீடியோ அழைப்பு வந்தது. "ஏட்டி, சாப்பிட்டியாட்டி?" என்று அம்மா தென்காசியிலிருந்து போட்ட சத்தத்தில் தம்பி துடுப்பை நழுவவிட்டான். அன்றிலிருந்து மிஸ்ஸும் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டார். தலைமையாசிரியர் முன்னிலையிலும் அப்படித்தான். மீதியெல்லாம் ஆங்கிலம், அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமான திருநெல்வேலி.

அருவிக்கரையில் பிறந்த எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் பெரும்பாலானோருக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. தண்ணீர் எங்கள் தலையில் வந்து விழும். நாங்கள் தண்ணீருக்குள் போய் விழுந்ததில்லை. மிஸ்ஸுக்கு இது நம்ப முடியாத வேடிக்கை. முழங்காலளவு தண்ணீரில் என்னை நிற்கவைத்து, அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டு, பிடரியில் கை வைத்து முகத்தை உள்ளே அமுக்கினார். முதல் தடவை கத்தினேன். இரண்டாவது தடவை கத்த மறந்துவிட்டேன். காலடியிலேயே மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் இதன் மேலேதான் நின்றுகொண்டிருந்தேனா என்று ஆகிவிட்டது.

ஆனால் பாறை ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். அதற்கப்பால் தரை கிடையாது. நீலம் மட்டும், கீழே போய்க்கொண்டே இருக்கும். அந்த விளிம்புக்குப் போய் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும் என்பார் மிஸ். கையைப் பிடித்துப் பாதி தூரம் கூட்டிப்போவார். நீலம் தெரிய ஆரம்பித்ததும் என் கால்கள் தானாகத் திரும்பிவிடும். எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு ஓடுகிற நான் இதில் மட்டும் ஒவ்வொரு வாரமும், "அடுத்த வெள்ளிக்கிழமை" என்பேன். அவர் படகிலிருந்து என் குரலிலேயே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவார். "அடுத்த வெள்ளி, அடுத்த வெள்ளி. உங்கள் ஊர்க் காலண்டரில் அந்த வெள்ளி எப்போது வரும், ஏட்டி?"

அந்த நாட்டில் ஆறு இல்லை, ஓடை இல்லை. பாடத்தில் அருவி என்ற சொல் வந்தபோது நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "மேலே நின்று யார் ஊற்றுகிறார்கள்?" என்று கேட்டான். நான் விடுவேனா? கைப்பேசியில் குற்றாலத்தின் வீடியோக்களையெல்லாம் காட்டினேன். மணி அடித்த பிறகும் காட்டினேன். மிஸ்ஸும் வந்து பின்னால் நின்று பார்த்தார். அடுத்த வாரம் மணல்திட்டில் உட்கார்ந்திருக்கையில் திடீரென்று கேட்டார். "அந்தத் தண்ணீருக்கு உள்ளே நின்று பார்த்தால் எப்படி இருக்கும்?"

"தெரியாதே" என்றேன்.

"நீதான் பிறந்ததிலிருந்து குளிக்கிறாயே!"

"குளிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வோம், மிஸ். திறந்தால் அடிக்கும்."

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊரே கண்ணை மூடிக்கொள்வீர்களா? ஒருத்தர்கூடப் பார்த்ததில்லையா?" பிறகு அந்தக் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார். "நான் வருகிறேன். இதைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்று, பார்த்து உனக்குச் சொல்கிறேன்."

கடைசி மாதங்களில் அவர் படகிலேயே உட்கார்ந்துவிடுவார். அசதி என்றார். என் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, நான் இங்கே ஒரு பள்ளியில் சேர்ந்த சமயத்தில், தம்பியிடமிருந்து செய்தி வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், மருந்து ஏற்றுகிறார்கள் என்று. அந்தத் தீவுக்காரர்கள் பெரிய நோய்க்கெல்லாம் அங்கேதான் வருவார்கள். மலையைத் தாண்டினால் நான். கோடை விடுமுறையில் போய்ப் பார்த்தேன். எப்போதும் முக்காடு போட்டிருப்பவர் என்பதால் முடி போனது தெரியவில்லை. புருவம் இல்லாததுதான் தெரிந்தது. இப்போதே ஒரு காரில் வந்துவிடுங்கள், தண்ணீர் இல்லாவிட்டாலும் அருவிப் பாறையையாவது பார்க்கலாம் என்றேன். தலையை ஆட்டினார். "மேலிருந்து கீழே வரை வெள்ளையாக விழும் என்று சொல்லியிருக்கிறாய். அது எப்போது?" ஜூன் என்றேன். "அப்படியானால் ஜூன் வரை இருக்கிறேன்" என்றார், கடைக்குப் போய்வருகிறேன் என்பது மாதிரி.

ஜூன் வந்தது. சீசன் வரவில்லை. செங்கோட்டைப் பக்கம் மேகம் திரள்வதும், காற்று வந்து கலைப்பதுமாக இருந்தது. நான் பள்ளிக்குப் போவதற்கு முன் ஸ்கூட்டரில் குற்றாலம் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு வருவேன். தண்ணீர் நூல் மாதிரி வடியும். எங்கள் தெரு ஆட்டோ அண்ணாச்சிக்குக் கதை முழுவதும் தெரியும். "நானும் தெனமும் பாக்கேன் பிள்ள. சவத்து மழ, வேணும்ங்கயில வராது" என்பார். மிஸ்ஸிடமிருந்து ஒவ்வொரு காலையும் குரல் பதிவு வரும். ஒரே சொல்தான். "வந்துவிட்டதா?" இல்லை என்று பதில் போட என் விரல் கூசும். அந்தக் குரல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் சாரல் பிடித்தது. மறுநாள் மழையாகக் கொட்டியது. இரண்டு தவணை மருந்துக்கு நடுவே அவருக்கு இடைவெளி கிடைத்திருந்த நேரம். விழுகிறது என்று எழுதிய உடனே வாடகைக் காரில் தம்பியோடு கிளம்பிவிட்டார். ஆரியங்காவும் புளியறையும் தாண்டி மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினபோது, கையில் வேறொன்றும் இல்லை. அந்தக் கண்ணாடி மட்டும். அம்மா வாசலிலேயே அவர் முகத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிட்டாள். பிறகு கையைப் பிடித்து, "வாங்க, வாங்க. ஏட்டி, ஃபேன நிறுத்து, அவியளுக்குக் குளிரும்" என்றாள். சூரை மீன் குழம்பை மிஸ் ஒரு வாய் சாப்பிட்டார். நல்ல மீன், ஆனால் ரொம்பப் பயணம் செய்திருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

தீவில் ஆட்டோ கிடையாது என்பதால் அண்ணாச்சியின் ஆட்டோவில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தார். வழியெல்லாம் ரம்புட்டான் குவியல்கள், எண்ணெய் வழிகிற உடம்புகள், ஈரத் துண்டுகள். பேரருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் சத்தம் தெரிந்தது. குளிக்கிற தண்ணீரின் சத்தம் அல்ல அது. உள்ளூர்க்காரிக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

வெள்ளையாக இல்லை. செம்மண் நிறத்தில், கிளைகளை இழுத்துக்கொண்டு, பாதுகாப்பு வளைவான ஆர்ச்சையும் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது. குறுக்கே கயிறு. கயிற்றின் முன்னால் மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண் காவலர்.

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம்" என்றேன். "இவங்க ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்காங்க. ஓரமா மட்டும்."

"எல்லாரும் தூரத்துலருந்துதாம்மா வாராவ. ஆர்ச்ச மீறி விழுதுல்லா, பாக்கலையா? காலையில ஒரு மரத்தையே உருட்டிட்டு வந்துருக்கு. மனுஷ ஒடம்பு தாங்குமா?" என்றவர், என் தோளுக்குப் பின்னால் மிஸ்ஸைப் பார்த்தார். போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கயிற்றை ஒட்டிப் போட்டார். "இங்கன இருக்கச் சொல்லுங்க. சாரல் மேல விழும்."

மிஸ் உட்கார்ந்தார். நைலான் கயிற்றை முக்காட்டுக்கு மேலே இழுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ரோட்டில் நின்ற பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள். அவரும் திரும்பிக் கையசைத்தார். காற்று ஒவ்வொரு தடவை புரளும்போதும் சாரல் வந்து கண்ணாடியில் முத்து முத்தாக ஒட்டியது. அவர் துடைக்கவில்லை. தடைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மட்டும் அருவியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தபடி நின்றான். இருட்டிக்கொண்டு வந்ததும், "கண்ணாடி நனைந்துவிட்டது, ஏட்டி. பாதி வேலை முடிந்தது" என்றார். மீதிப் பாதிக்கு நாளைக் காலை இருக்கிறது என்றேன். மதியத்துக்குள் மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும் என்று தம்பி மெதுவாகச் சொன்னான்.

காலையிலும் தடை எடுக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பும்போது, கண்ணாடியை அவரே ஆணியில் மாட்டினார். இதை எடுக்க நான் வர வேண்டுமே, இங்கேயே இருக்கட்டும் என்றார். கார் போய் வெகுநேரம் கழித்து அண்ணாச்சியிடமிருந்து போன். விடிந்ததிலிருந்து அங்கேயே ஆட்டோவைப் போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

"ஏ பிள்ள, தடைய எடுத்துட்டாவ! தண்ணி வெள்ளையா வுழுது. சும்மா பால் கணக்கா. மிஸ்ஸ ஒடனே கூட்டிட்டு வா!"

தம்பிக்கு அழைத்தேன். புளியறை வளைவுகளைத் தாண்டி, ஆரியங்காவும் போய்விட்டது என்றான். சொன்னேன். அவன் திவேஹியில் அவரிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது. பின்னால் ஒரு லாரியின் ஹாரன். பிறகு அவர் குரல், மெலிந்திருந்தாலும் படகில் இருந்து என்னைக் கேலி செய்கிற அதே இழுப்போடு வந்தது.

"அடுத்த சீசன், ஏட்டி. அடுத்த சீசன்."

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் தம்பியின் குரல் பதிவு வந்தது. அக்காவைத் தீவுக்கே கொண்டுவந்துவிட்டோம், கடலைப் பார்த்த இடத்தில் அடக்கம் செய்திருக்கிறோம் என்று. அதில் அழுகை எதுவும் இல்லை. முடிவில் கொஞ்ச நேரம் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. அவன் நிறுத்த மறந்திருக்க வேண்டும்.

இந்த வருடம் சீசன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. பேரருவி மேலிருந்து கீழே வரை வெள்ளையாக விழுகிறது. தடை இல்லை. நானும் போகிறேன். பெண்கள் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறேன். முதல் அடி உச்சியில் விழுகிறது. எல்லோரையும் போல நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடின கண்ணுக்குள் அருவி வருவதில்லை. தரை முடிந்துபோகிற அந்த நீலம்தான் வருகிறது. அதையும் நான் எட்டிப் பார்த்ததில்லை.

இன்று காலை துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அம்மா பின்னாலேயே வந்தாள். கையில் ஆணியிலிருந்து எடுத்த கண்ணாடி. புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"நல்ல சாரல் அடிக்கிது. இன்னைக்காவது இத எடுத்துட்டுப் போயேம்ட்டி."

அதை வாங்கினேன். நீல முடிச்சை ஒருமுறை தடவிப் பார்த்தேன். திரும்ப ஆணியில் மாட்டினேன்.

"அடுத்த வெள்ளிக்கிழமைம்மா" என்றேன்.