பத்தும் ஐந்தும் பதின்மூன்று

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கையும் இங்கிலீஷையும் சேர்த்துக் கற்பித்த வாத்தியார் நான். பிள்ளைகள் இங்கிலீஷில் கணக்குச் சொன்னால்தான் பள்ளிக்கூடம் நடக்கும் என்றிருந்தார் தோட்டத்துத் துரை.

ஒருநாள் அவரே சோதிக்க வந்தார். "பத்து ராத்தல் கொழுந்தோடு ஐந்து ராத்தல் சேர்ந்தால் எவ்வளவு?" என்று இங்கிலீஷில் கேட்டார். என் கெட்டிக்கார மாணவி எழுந்து, "தேர்ட்டீன், சார்" என்றாள்.

நான் அவள் பக்கம் குனிந்தேன். "என்ன புள்ள, பதினஞ்சு இல்லையா?" என்று கிசுகிசுத்தேன்.

"கூடைக்கு ரெண்டு ராத்தல் கழிப்பாங்களே, வாத்தியாரய்யா! எங்கம்மாவுக்கு தெனமும் அப்படித்தான நிறுக்கிறாங்க."

அவள் சொன்னது நியாயம். அதைத் துரைக்கு விளக்குவது என் பொறுப்பு. ஆனால் தோட்டத்துக்கே இங்கிலீஷ் புகட்டிய மகாபண்டிதனுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. "இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாயா?" என்று அவர் உறுமியபோது, என்னிடம் மிச்சமிருந்த இங்கிலீஷ் "யெஸ் சார்" மட்டும்தான். அதையும் இரண்டு தடவை சொல்லித் தொலைத்தேன்.

பள்ளிக்கூடம் அன்றோடு மூடப்பட்டது. மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டில் அவளும் தாயோடு நின்றாள். "கும்பிடுறேங்க, வாத்தியாரய்யா" என்றாள். பதில் சொல்ல எனக்குத் தமிழும் வரவில்லை.