ஆறு நிமிடச் சாவு

தியேட்டரில் எல்லோருக்கும் அவள் டார்ச்சம்மா. இருட்டில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, டார்ச் அடித்து, ஆளைக் கொண்டுபோய் இருக்கையில் உட்கார வைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலைதான். வாய் இருக்கிறதே, அப்பப்பா! படம் ஓடும்போது எவனாவது பேசினால் முகத்திலேயே வெளிச்சத்தை அடித்து, "உன் வீட்டுக் கதையைக் கேக்கவா இத்தனை பேரு காசு குடுத்து வந்திருக்காங்க?" என்பாள். முதலாளியே அவளிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்.

நாட்டில் போர் மூண்டதும் முதலாளியின் மூளை வேலை செய்தது. டார்ச்சம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊரையே அழவைத்த பழைய போர்ப்படம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்துப் போட்டார். கூட்டம் நிரம்பி வழிந்தது. வழியாதா பின்னே? எப்பேர்ப்பட்ட போர் அது! கதாநாயகன் குதிரையிலேயே பாலைவனத்தைத் தாண்டுவான், வாரிய தலை கலையாது. ஒரு குண்டுக்கு எதிரிகள் நாலு பேர் விழுவார்கள், ஒருத்தனும் முனகமாட்டான். யாருக்கும் பசிக்காது, யாருக்கும் வயிறு கலங்காது. பாலத்துக்கு வெடி வைக்கப் போகிற அவசரத்திலும் நர்ஸ் காதலியோடு ஒரு பாட்டு உண்டு. கடைசியில் அவன் நெஞ்சில் குண்டு பாயும். குண்டுக்கு முன்னாலேயே வயலின் வந்துவிடும். சட்டையில் பொத்தான் அளவுக்கு ரத்தம். அதை வைத்துக்கொண்டு காதலி மடியில் படுத்து ஆறு நிமிடம் பேசுவான். "அழாதே. நான் சாகப் போகவில்லை. உனக்கு முன்னால் போய் இடம் பிடித்து வைக்கிறேன்" என்று முடித்துவிட்டு, சிரித்தபடியே கண்ணை மூடுவான். கல்நெஞ்சக்காரன்கூட அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவான்.

டார்ச்சம்மாவின் ஒரே மகன் அந்தப் படத்தைப் பதினேழு தடவை பார்த்தான். பக்கத்துக் கதவு வழியாக ஓசியில் உள்ளே விட்டவள் யார்? பெற்றவள்தான். படைக்கு ஆள் எடுப்பவர்கள் வெளியே தீனிக்கடைக்குப் பக்கத்திலேயே மேசை போட்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருகிறவன் கையில் பேனாவைத் திணிப்பார்கள். பதினேழாவது தடவை இவனும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். கல்யாணமாகி ஐந்தே மாதம். அடுத்த நாலாவது மாதம் காகிதம் வந்தது: போர்முனையில் வீரமரணம். அச்சடித்த காகிதம், பெயரை மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். சாகும்போது பிள்ளை என்ன சொன்னான்? அது தெரியாமல் தொண்டையில் சோறு இறங்கவில்லை. மருமகளுக்கும் அதே ஏக்கம். படைக்கு இரண்டு கடிதம் போட்டார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு நாள் காலையில், மருமகள் தெருக்குழாய்க்குப் போயிருந்த நேரம், மகனோடு ஒரே படையில் இருந்த நெட்டையன் ஒருவன் வந்தான். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"நான் அவன் பக்கத்துலதாம்மா இருந்தேன்."

"என்ன சொன்னான்?"

நெட்டையன் சுவரைப் பார்த்தான். "சிரிச்சுக்கிட்டேதாம்மா போனான். 'அம்மாவ அழ வேணாம்னு சொல்லு. நான் சாகப் போகல, முன்னாடி போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்'னு சொன்னான்."

யாரிடம் வந்து எதைச் சொல்கிறான் பாவி! ஒரு நாளைக்கு மூன்று காட்சி, முப்பது வாரமாகக் கேட்டவள் அவள்.

"ஏண்டா, வயலினும் வந்துச்சா?" என்றாள்.

நெட்டையன் முகம் வெளிறிவிட்டது.

"எனக்கேவா படம் காட்டுற? பெத்தவடா நான். உள்ளதைச் சொல்லு."

"வேணாம்மா."

"சொல்லுடா!"

சொன்னான். வயிற்றில் பட்டதாம். வெளியே வந்ததையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு கிடந்தானாம், விடிந்ததிலிருந்து மத்தியானம் வரைக்கும். இவர்கள் பதுங்கியிருந்த பள்ளத்துக்கும் அவனுக்கும் பத்தடி தூரம். தலையைத் தூக்கினால் சுடுவார்கள் என்று ஒருத்தனும் போகவில்லை.

"கத்திக்கிட்டே இருந்தாம்மா. அந்தச் சத்தத்த வச்சு எங்க பக்கம் குறிபாத்து அடிச்சாங்க. இன்னும் ரெண்டு பேரு போயிட்டாங்க."

"என்னன்னு கத்தினான்?"

"அம்மான்னுதான். வேற ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

நெட்டையன் குழந்தை மாதிரி விம்மினான். "எங்களால தாங்க முடியலம்மா. 'செத்துத் தொலைடா'ன்னு எல்லாரும் கத்தினோம். நானுந்தான். அவன் காதுல விழுந்துடுச்சு. சட்டைய வாயில அடைச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

டார்ச்சம்மா எழுந்துபோய் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அவன் தடுக்கவில்லை. இன்னோர் அறைக்குக் கையை ஓங்கியபோது மருமகள் வாளியோடு உள்ளே வந்தாள்.

"யாரு அத்தை? அவரோட இருந்தவரா?" இருபது வயசுப் பெண். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள். "என்ன சொன்னாராம் அத்தை? கடைசியா என்ன சொன்னாராம்?"

ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

"உன்னை அழ வேணாம்னு சொன்னானாம். சாகப் போகல, முன்னாடி போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்னு சொன்னானாம்."

"அது படத்துல வர்றதாச்சே?"

"வந்தா என்ன? பதினேழு தடவை பாத்தவன் வாயில வேற என்ன வரும்?"

மருமகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுகையினூடே சிரித்தாள். "அவரேதான் அத்தை! அப்படியே அவரேதான்!" நெட்டையன் சொல்லிக்கொள்ளாமல் நழுவினான்.

மறுநாள் பகல் காட்சிக்கு மருமகள் வந்து நின்றாள். அந்த வார்த்தையைக் காதால் ஒரு தடவை கேட்க வேண்டுமாம். அதற்கடுத்த நாளும் வந்தாள். இப்போது தினமும் வருகிறாள். டார்ச்சம்மா வெளிச்சம் காட்டி அழைத்துப்போய் நல்ல இருக்கையாகப் பார்த்து உட்கார வைக்கிறாள். வயலின் தொடங்கியதும் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, எல்லாக் குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் வீணாகிறது என்று முதலாளி வெளியிலிருந்து கத்துகிறார். கத்தட்டும்.