பள்ளத்தில் கொட்டிய பிக்சர் டியூப்கள்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டி.வி. கொடுத்த அந்த வருஷங்களில், ஊரிலிருந்த பழைய கறுப்பு வெள்ளை டி.வி. எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வந்து சேர்ந்தன. என் கணவர் டி.வி. மெக்கானிக். "ரிப்பேரு பாத்து வைங்க, அப்புறமா வரோம்" என்று சொல்லிப் போன ஒரு மகராசனும் திரும்பி வரவில்லை. கடை நிரம்பி வீட்டுக் கொல்லைவரை அடுக்கியாயிற்று.

சென்னையிலிருந்து பார்ட்ஸ் கொண்டுவருபவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "பிக்சர் டியூப் கண்ணாடியில ஈயம் இருக்கும்மா, தண்ணியில கலந்தா விஷம், உடைச்சு மண்ணுல போட்டுடாதீங்க" என்றார். முறையாகப் பிரித்தெடுக்கிற இடம் அங்கே இருக்கிறதாம். கூலியும் வண்டி வாடகையும் நாம்தான் கொடுக்க வேண்டுமாம்.

டி.வி. விட்டுப் போனவர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறினேன். "நல்ல காரியம், கண்டிப்பா செய்யுங்க" என்று காபி கொடுத்தார்கள்; காசு மட்டும் பெயரவில்லை. மாதம் பிறந்தால் கேபிள்காரருக்கு மறுபேச்சில்லாமல் நீட்டுகிற கைகள்தான். ஒரு அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"புது டி.வி.யே சும்மா வந்துச்சு, பழசு போறதுக்குக் காசா? பழைய பேப்பர்காரனே நமக்குத்தான குடுக்கறான்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொண்டாந்து உங்க வூட்டு வாசல்லயே வைக்கறேன்" என்று கத்திவிட்டு வந்தேன். வைக்கவா முடியும்? நாளைக்கு அவர்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேருக்கு வந்தால்தானே எங்கள் அடுப்பு எரியும்.

"ஊரே தர மாட்டேங்குது, நாம மட்டும் ஏன் அழணும்?" என்றார் கணவர்.

அந்தச் சமயத்தில் என் கொழுந்தன் வீடு கட்ட ஊர்க்கோடியில் பள்ளமான மனை ஒன்று வாங்கியிருந்தார். எங்கள் ஊரில் பள்ளம் தூர்க்க மண்ணைத் தேடி அலைவதில்லை. ஊரைச் சுற்றியிருக்கும் பீங்கான் சூளைகளில் உடைந்த சில்லு டிராக்டர் டிராக்டராகக் கிடைக்கும். அதோடு எங்கள் டியூப்களையும் ஏற்றிக்கொள்ள வந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"அங்கதான போர் போடப் போறீங்க? உங்க வூட்ல மாசமா இருக்கற புள்ள அந்தத் தண்ணிய குடிக்க வேணாமா?"

"பீங்கானும் சில்லுதான், இதுவும் சில்லுதான். ஒண்ணும் ஆவாது அண்ணி, தள்ளுங்க."

கொல்லையிலேயே சம்மட்டியால் உடைத்து அள்ளினார்கள். என் கணவரும் கூடை பிடித்தார். இடம் காலியானதில் அவருக்கு அப்பாடா என்றிருந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கேட்பாரில்லை.

போரில் தண்ணீர் வந்த அன்று ஓரகத்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஒரு சொம்போடு வந்தாள்.

"என்னமோ பயமுறுத்துனீங்களே! எவ்ளோ தித்திப்பா இருக்குது பாருங்கக்கா. காலையிலேர்ந்து இதத்தான் குடிக்கறேன்."

வேண்டாம் என்று தள்ளியிருப்பேன். தள்ளிவிட்டு அவளுக்கு வேறு எந்தத் தண்ணீரைக் காட்டுவது? நாளைக்கு வீடு கட்டிக் குடிபோனால் அந்த மனையில் வேறு தண்ணீர் கிடையாது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடித்தேன். தித்திக்கத்தான் செய்தது.