ஊதாத ட்ரம்பெட்

போன ஞாயிற்றுக்கிழமை மழை. திராட்சைப் பந்தலுக்கு மருந்து அடிக்கப் போக முடியவில்லை. அடித்தாலும் மழை கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் ஜெனி, சுவரில் சாய்ந்துகொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னாத்தா, கார்ட்டூனா?”

“கார்ட்டூன் இல்லப்பா. அனிமே.”

அந்தச் சொல் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் பிள்ளைகளே. பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுவது இங்கிலீஷ் எழுத்து. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஜெனிதான் வாசித்து வாசித்துச் சொன்னாள்.

ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஒரு பேண்டு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொரு கருவியோடு மாடிப்படியில், வராண்டாவில், மரத்தடியில் என்று நின்று ஊதுகிறார்கள். சத்தமா வருகிறது? ஒன்று பஞ்சரான டயர் மாதிரி... இன்னொன்று கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி... ஒரு பையன் முகம் சிவக்க ஊதிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறான். இன்னொரு பக்கம், மேல் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒரு காலத்தில் பேண்டே உயிர் என்று இருந்தவளாம். இப்போது வாசித்து முடித்ததும் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போகிறாள்.

எனக்கு அந்தக் கன்றுக்குட்டிச் சத்தத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “இதையெல்லாம் எப்படித்தான் பொறுத்துக்கிறாகளோ. நம்ம ஊர்னா அக்கம்பக்கத்து ஆளுக சண்டைக்கு வந்துருவாக” என்றேன்.

ஜெனி சிரிக்கவில்லை.

“அங்க தப்பா ஊதவும் விடுறாகப்பா” என்றாள்.

அது என்ன அப்படி ஒரு பேச்சு? இவளும் பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவள்தானே?

“ஏன், உங்க மாஸ்டரு விடமாட்டாரா?”

“நான் ஊதுறதே இல்லப்பா.”

அப்புறம்தான் விஷயம் வந்தது. பேண்டு என்றால் வரிசைக்கு நாலு பேர் நடக்க வேண்டும். ஒரு வரிசையில் ஆள் குறைந்தால் பார்க்க நன்றாக இருக்காது. அதனால் புதுப் பிள்ளைகளுக்கும் தொப்பி, வெள்ளை ஷூ, ட்ரம்பெட் எல்லாம் கொடுத்து நடுவில் நிறுத்திவிடுவார்களாம். அவர்களுக்கு ஒரே பாடம்: “வாயில வையி. விரல ஆட்டு. காத்து மட்டும் விட்றாத.” பிள்ளைகளே அதற்கு ‘டம்மி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெனி போன வருஷம் சேர்ந்ததிலிருந்து டம்மி.

எனக்கு எங்கள் கோயில் திருவிழா ஞாபகம் வந்தது. மாதா சப்பரத்துக்கு முன்னால் இவர்கள் பேண்டுதான் போனது. ஆண்டிபட்டியிலிருந்து வந்திருந்த என் மச்சினன், பவனி முடிந்ததும் வீட்டில் ஒரே புகழ்ச்சி. “அத்தனை சத்தத்துலயும் என் மருமக ஊதுனது தனியாக் கேட்டுச்சு மாமா.” நானும் ஆமாம் போட்டேன். சந்தோஷத்தில் அப்படித்தானே காது கேட்கும்? ஜெனி உள்ளே போய் ஷூவைக் கழற்றினாள். களைப்பு என்று நினைத்தோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பேண்டு மாஸ்டர் போடியிலிருந்து வந்து போகிறவர். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷர். சைடு டிரம்முக்குக் கயிறு இறுக்கிக்கொண்டே பேசினார்.

“அண்ணே, ஒரு நோட்டு பிசிறுனாப் போதும். பவனில வர்ற அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாப்பாக. ஸ்கூல் பேரு கெட்டுரும்னு என்னையத்தான் கேப்பாக.”

“அப்ப இதுக எப்பத்தான் சார் பழகும்?”

“பெரிய பிள்ளைக படிச்சு முடிச்சுப் போகவும் இவுக மேல வருவாக.”

“பழகாம எப்படி மேல வரும்?”

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “வாரத்துக்கு ரெண்டு பீரியடுண்ணே. இந்த வாரம் கலெக்டர் வாராக, அடுத்த வாரம் பிஷப் வாராகன்னு அதுக்கு ரிகர்சல் பாக்கவே சரியாப் போகுது. நான் மட்டும் ஆசையில்லாமயா வந்தேன்? புதுசா ஒரு பாட்டு சொல்லிக் குடுத்து ரொம்ப நாளாச்சு. ஒரே மார்ச்சு... எனக்கே காது புளிச்சுப் போச்சு.”

போனில் பார்த்த அந்த மேல் வகுப்புப் பெண்ணுக்கு மீசை முளைத்து எதிரே உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். “சரிண்ணே. வியாழக்கிழமை ரிகர்சல்ல பாப்பாவ ஊதச் சொல்றேன். தப்பா வந்தாலும் பரவால்ல.”

எனக்கு ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பு. வரும் வழியில் சூடாக வடை வாங்கிக்கொண்டு போனேன். ஜெனியிடம் சொன்னபோது தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. அவள் அம்மாதான் முதலில் கேட்டாள்.

“ஊதுனியாடி?”

“ம்.”

“எல்லாரும் சிரிச்சாகளா?”

“சிரிச்சாக. அது ஒண்ணுமில்லம்மா.” பை வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். “காத்தே வரலம்மா. வாயில வச்ச உடனே மூச்சு தானா நின்னுருது. மாஸ்டர் பக்கத்துலயே நின்னு ஊது ஊதுங்கிறாக... எனக்கு அடைச்சிக்கிடுது. காத்த விடாம விடாமயே பழகிட்டேன்ல.”

பிள்ளைகளே, உங்களுக்குப் புரிகிறதா? ஒரு வருஷமாக அவள் சும்மா நிற்கவில்லை. பழகியிருக்கிறாள். ஊதாமல் இருப்பதை ஒழுங்காக, வாராவாரம், அழகாகப் பழகியிருக்கிறாள். கற்றுக்கொடுத்தவருக்கும் தெரியவில்லை, கைதட்டிய எங்களுக்கும் தெரியவில்லை.

“இன்னும் ஒரு மாசம் பாராத்தா. சரியாப் போயிரும்” என்றேன்.

“ஆசையிருந்தா பாக்கலாம்ப்பா.”

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தலையைத் தடவியிருப்பேன். பசியில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

நேற்று தொப்பியைத் துவைத்து மடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, எல்லாவற்றையும் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த அனிமேயும் பாதியில் நிற்கிறது. “அந்தப் புதுப் பையன் கடைசியில ஊதுவானா?” என்று கேட்டேன். “தெரியலப்பா. நீங்க வேணாப் பாத்துக்கங்க” என்று போனைக் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மார்க் நன்றாகத்தான் எடுக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாட்டோ, படமோ, பந்தாட்டமோ... ஏதோ ஒன்றில் நீங்களும் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள். வரிசை அழகாக இருக்கட்டும் என்று உங்களையும் யாராவது சும்மா நிற்கச் சொல்லியிருக்கலாம். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அடுத்த விழா இருக்கிறது. ஆனால் நீங்கள் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்: நான் எப்போது தப்பாக வாசிப்பது?

கேட்கக் கூச்சமாக இருந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொஞ்சம் சீக்கிரமாகவே கூட்டிக்கொண்டு போங்கள்... எங்களுக்கு எதுவும் தானாகப் புரியாது.